பழைய விமானத்தின் கதவுக் கொண்டி

மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வராது... திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த பறக்கும் கிளப்பின் ஹாங்கர், அந்த விமானக் கொட்டகைதான் வரும். தொண்ணூறுகளின் கடைசி. கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெய் ட்ரேயில் ஊறப்போட்டுத் துடைப்பதுதான் காலையில் முதல் வேலை. நான் நாகர்கோவிலிலிருந்து வந்து சேர்ந்த புதிது. கூட உள்ளூர் மலையாளி, பேட்டைக்காரி பிந்து. ஹாங்கரில் நாங்கள் ரெண்டே பெண்கள்.

எங்களிடம் ஒரு கிழட்டு ரெண்டு சீட்டர் விமானம் இருந்தது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. அதன் கதவுக் கொண்டி தேய்ந்து, ஆணி உட்காரும் துளை முட்டை மாதிரி நீண்டுவிட்டது. பறக்கும்போது கதவு தானாகத் திறந்துகொள்ளும். புதுக் கொண்டி எங்கும் கிடைக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பறக்காவிட்டால் வாசலில் சிமென்ட் மேடை கட்டி அதைக் காட்சிக்கு நிறுத்திவிடுவோம் என்று கிளப் கமிட்டி சொல்லிவிட்டது.

அதில் ஒரு தடவைகூட நான் ஏறிப் பறந்ததில்லை.

துளையை வட்டமாகப் பெரிதாக்கி, வெண்கலத்தில் புஷ் என்கிற சின்ன வளையம் கடைந்து உள்ளே இறக்கினோம். பிறகு ஊசி அரத்தால் கொண்டியின் நாக்கைக் கொஞ்சம் ராவுவது, கதவைச் சாத்திப் பார்ப்பது, மறுபடி ராவுவது... மூன்று நாள்.

ஞாயிறு காலை கதவு ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. பிந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்தான். சுவரில் டூல் போர்டு உண்டு. ஒவ்வொரு டூலுக்கும் அதன் உருவத்தை வரைந்து இடம் வைத்திருப்போம். இன்ஜினியர் ராஜமணி சார் வந்து பார்த்தார். ஊசி அரத்தின் இடம் காலி.

"போர்டு நிறையாம பிளைட்டு இந்த எடத்த விட்டு அனங்காது, கேட்டியா. உள்ள எங்கயாவது கெடந்து கண்ட்ரோல் கேபிள்ல மாட்டிச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

சீட்டைக் கழற்றினோம். தரைத் தகட்டைத் திறந்தோம். கமிட்டிக்காரர்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிந்து விமானத்தின் வாலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டாள்: "எடீ, ஒண்ணு ஓர்த்து பாரு... கடைசியா எங்க வெச்சே?"

பழவங்காடிப் பிள்ளையாரை நினைத்து உடைக்க வைத்திருந்த தேங்காய், விமானத்துக்கு முன்னால் இருந்தது. வேறு வழி தெரியாமல் அங்கேயே விழுந்து கும்பிட்டேன். தலையிலிருந்த தொப்பி உருண்டு போனது.

பின்னாலிருந்து ராஜமணி சார் குரல். "மக்களே... உனக்க கொண்டையில என்ன?"

ராவும்போது முடி முகத்தில் விழுகிறதே என்று, நான்தான் சுருட்டி அரத்தைக் குத்தி வைத்திருக்கிறேன். அதன்மேல் தொப்பி வேறு...

"இனி இவ தலையையும் போர்டில தூக்கி இடணும் சாரே" என்றாள் பிந்து. கமிட்டிக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

திறந்ததையெல்லாம் மூடிச் சரிபார்த்து, மத்தியானம் தேங்காய் உடைத்தோம். "கொண்டி செஞ்சவளே மொதல்ல ஏறட்டு" என்றார் சார். பைலட் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன், சங்குமுகம் கடற்கரை கீழே போனது. நான் கடலையே பார்க்கவில்லை. கொண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

இப்போது பெரிய ஏர்போர்ட்டில் வேலை. தேய்ந்ததை யாரும் ராவுவதில்லை. சீல் வைத்த கவரில் புதிது வரும், மாட்டினால் முடிந்தது. நல்லதுதான்... ஆனால் ஒரு ‘டக்’ சத்தத்துக்காக இங்கே யாரும் யாரையும் தூக்கிச் சுற்றுவதில்லை.

முடியைக் குட்டையாக வெட்டிப் பல வருஷமாயிற்று. இருந்தாலும் ஷிப்ட் முடிந்து டூல் எண்ணும்போது ஒன்று குறைந்தால், என் கை முதலில் பின்னந்தலைக்குத்தான் போகிறது.