தங்கம் பூசிய பெல்ட்

கும்மிடிப்பூண்டி லேபில் தங்கம் பூசுவது நான்தான் என்று சொல்லித்தான் பெண் பார்த்தேன். சுத்தப் பொய். நான் தரை துடைக்கிறவன். பூசியது ஓர் அக்கா. மூக்குத்திகூட இல்லாத ஒல்லி முகம். சோதனைக்கு வந்த மாதிரியைத் தொட்டால் வாயே திறக்கமாட்டார். எச்சில் தெறித்தால் மைக்ராஸ்கோப் படம் கெட்டுவிடுமாம்.

ஒருநாள் ஒரு கம்பெனி சூப்பர்வைசர், கிரேனில் சுமை தூக்கும்போது அறுந்த நைலான் பெல்ட்டின் துண்டோடு வந்தார்.

"கீழ நின்னவனே கத்தியால அறுத்துட்டான், அவன் கால் போச்சு. அப்டியே எழுதிக் குடும்மா."

அக்கா துண்டை வாங்கிக்கொண்டார். மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரிவதற்காக, மெஷினில் வைத்து மெல்லிசாகத் தங்கம் பூசினார். திரையில் நூல்முனைகள் பெரிதாக வந்ததும் நான் உளறினேன்.

"இன்னாக்கா இது, என் பழைய துடைப்பம் மாதிரி தேஞ்சிக்கீது!"

சூப்பர்வைசர் முகம் கறுத்தது. "படத்த அழிச்சிடும்மா."

அப்போதுதான் அக்கா வாய் திறந்தார். "கத்தி பட்டா முனை மழமழன்னு இருக்கும் சார். இது மாத்தாமயே ஓட்டுன பெல்ட்டு. கால் போனவன் என் தம்பி. தங்கம் பூசி வெச்சிக்கீறேன், கோர்ட்டுல நல்லா மின்னும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. உடனே சூப்பர்வைசர் அக்கா காலில் விழுந்து... இருங்கள், மேனேஜர் கூப்பிடுகிறார்.

"டேய் துடைப்பம்! பாத்ரூம்ல தண்ணி நிக்குது, வாடா!"