கஞ்சன் என்று எங்கே எழுதியிருக்கிறது?

நிர்பய் மண்டல் வங்கித் தேர்வில் ஏழு முறை கோட்டை விட்டவன். ஆனாலும் பாட்னாவின் முசல்லாபூர் ஹாட் சந்தில் அவனுக்கு 'மாட்சாப்' என்று வாத்தியார் பட்டம். பயிற்சி வகுப்புகளுக்கு மாதிரிக் கேள்வித்தாள் எழுதிக் கொடுப்பது அவன் பிழைப்பு. "எல்லாப் பேனாக்களும் பூனைகள், சில பூனைகள் நாற்காலிகள்" என்று தர்க்கக் கேள்விகளாக எழுதி எழுதி அவனுக்கே குமட்டிற்று. ஞாயிற்றுக்கிழமை எட்டாவது தேர்வு. வயது வரம்புப்படி அதுதான் கடைசி.

அந்த அலுப்பில் செவ்வாய்க்கிழமைத் தாளில் வினையை விதைத்தான்: "சில வீட்டுக்காரர்கள் கஞ்சர்கள். கஞ்சர்கள் எல்லாரும் காலை ஆறு மணிக்கே தண்ணீர் மோட்டாரை நிறுத்துவார்கள்."

அந்தச் சந்தில் ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்தும் மகானுபாவர் ஒருவர்தான். அவன் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர், சகல்தேவ் பாபு. அங்கே குடியிருந்து தேர்வுக்குப் படிக்கும் பதினெட்டுப் பையன்கள் வாளியும் கையுமாக நிற்பார்கள். மனுஷன் ஒரு நிமிஷம் கூட்டிக் கொடுக்க வேண்டுமே!

வியாழன் விடிந்ததும் விடியாததுமாகப் பாபு தாளோடு வந்து நின்றார்.

"மூட்டையக் கட்டு மாட்சாப்! என் கூரைக்குக் கீழ இருந்துகிட்டு என்னையே கஞ்சன்னு அச்சடிச்சிருக்க!"

அவரே நிர்பயின் துணிகளை மூட்டையாக வாசலில் எறிந்தார். மூன்று நாளில் தேர்வு. இப்போது அறை தேடி எங்கே அலைவது?

"உங்களைன்னு எங்க சாச்சா எழுதியிருக்கு?"

"கஞ்சன் ஆறு மணிக்கு நிறுத்துறான். நானும் ஆறு மணிக்கு நிறுத்துறேன். அப்ப நான் யாரு? எனக்கு என்ன மூளை இல்லையா?"

பயத்திலும் அவனுக்கு வாய் நமநமத்தது. "அங்கதான் தப்பு விடைக்குக் கால் மார்க் போச்சு சாச்சா! கஞ்சன் எல்லாம் நிறுத்துவான், சரி. நிறுத்துறவன் எல்லாம் கஞ்சன் ஆயிடுவானா? மாடு எல்லாம் புல்லு திங்குது. புல்லு திங்கிறதெல்லாம் மாடா? ஆடு திங்கலையா?"

"முடிவு வராது! முடிவு வராது!" என்று வாளிக்காரர்கள் தேர்வு விடையைக் கோரஸ் பாடினார்கள்.

பாபு கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்ப நான் கஞ்சன் இல்லைன்னு இதுலேருந்து வருதா?"

ஒரு 'ஆமா' போட்டிருந்தால் அறை தப்பித்திருக்கும். பாழாய்ப் போனவனுக்கு நாக்கு எழவில்லை.

"அதுவும் வராது சாச்சா."

பக்கத்து அறை ரூபேஷ் தலையில் அடித்துக்கொண்டான். "வாயை வச்சுகிட்டு சும்மா இரேன்டா!"

பாபுவுக்கு மூக்கு நுனி சிவந்தது. "பின்ன எப்படித்தான்டா வரும்?"

"நிறுத்தாம இருங்க, வரும். கஞ்சன்னா ஆறு மணிக்கு நிறுத்தியே ஆகணும். நீங்க நிறுத்தலைன்னா நீங்க கஞ்சனே இல்ல. எந்தப் பரீட்சையிலயும் நிக்கும்."

கடிகாரம் ஆறு அடித்தது. பாபுவின் கை பழக்கத்தில் மோட்டார் சுவிட்சுக்குப் போய், அந்தரத்தில் நின்றது. பதினெட்டு ஜோடிக் கண்கள். கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆறேகாலுக்குத் தொட்டி நிரம்பி வழிந்து சந்தில் ஓடியது. பையன்கள் இரண்டாம் வாளி பிடித்தார்கள். பாபு வேட்டியைத் தூக்கிக்கொண்டு, போகிற பால்காரனை நிறுத்திச் சொன்னார்: "பாத்துக்க, இன்னும் ஓடுது!"

பிறகு நிர்பய் காதோடு, "முடிவு வந்துடுச்சில்ல? இனிமே பழையபடி ஆறு மணிதானே?"

"இது இன்னிக்கு முடிவு சாச்சா. நாளைக்கு நிறுத்தினா மறுபடி ஒண்ணும் சொல்ல முடியாது."

பாபு பல்லைக் கடித்தார். மூட்டையை அவரே காலால் அறைக்குள் தள்ளினார்.

"எங்கயும் போயிடாத. நீ போயிட்டா நான் கஞ்சன் இல்லைன்னு ஊருக்கு யாருடா எடுத்துச் சொல்லுவா?"