வெள்ளைச் சுவரும் பொன்னம்மையின் விரல்களும்

பொன்னம்மை இறந்த செய்தி எனக்குத் தூத்துக்குடியில் தபாலில் வந்தது. தக்கலைப் பக்கத்துத் தமிழ்த் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததைக் கொண்டாட யாரோ விட்ட வாணம் முந்திரி வறுப்புக் கொட்டகையின் ஓலைக்கூரையில் விழுந்து தீப்பிடித்ததாம். உள்ளே இருந்த பெண்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு அவள் கடைசியாக வரும்போது உத்தரம் முறிந்து தலையில் விழுந்ததாம். அண்டியாபீசில் அவளோடு வேலை பார்த்தவர்களே, நீங்கள் அவளை மேற்பார்வைக்காரியாகத்தான் அறிவீர்கள். எனக்கு அவள் அறிமுகமானது என் மண்டையை உடைத்தவளாக.

முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையைத்தான் அந்தப் பக்கம் அண்டியாபீஸ் என்பார்கள். கொல்லத்து முதலாளி ஒருவர் தக்கலைக்குப் பக்கத்தில் ஒன்று தொடங்கினார். ஆள் எடுக்க என்னை முன்னால் அனுப்பி, மலையாளத்தில் அச்சடித்த நோட்டீஸ் கட்டு ஒன்றையும் கையில் கொடுத்தார். எனக்கோ அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. எங்கே ஒட்டினால் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று காலையிலிருந்து சுற்றினேன். பஸ் நிற்கும் முக்கில் ஒரு சுவர். மற்ற சுவரெல்லாம் கட்சி விளம்பரமும் வெற்றிலை எச்சிலுமாக இருக்க, அது மட்டும் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று நின்றது. இத்தனை நல்ல இடத்தை விட்டுவைத்திருக்கிறார்களே என்று ஊர்க்காரர்களை மனதுக்குள் கேலி செய்துகொண்டே ஆறு நோட்டீஸ்களை வரிசையாக ஒட்டினேன். அந்தக் கேலியை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், சென்னை ராஜ்யத்தோடு சேரக் கேட்ட மொழிக் கிளர்ச்சியில் போலீஸ் சுட்டபோது, பொன்னம்மையின் மூத்த தம்பி அந்தச் சுவரில் சாய்ந்துதான் செத்திருந்தான். ரத்தம் தெறித்த இடத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஊர் வெள்ளையடித்து வந்தது. அதில் ஒரு எழுத்தும் ஏறக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதன் மேல்தான் நான், அதுவும் மலையாளத்தில், கூலிக்கு ஆள் கேட்டிருந்தேன்.

பசை காயும் முன்னே கூட்டம் நான் தங்கியிருந்த ஆலைக் கொட்டகைக்கு வந்துவிட்டது. கதவைப் பிடுங்கி எறிந்தார்கள். முதல் அடி பொன்னம்மையுடையது. கொட்டை உடைக்க வாங்கி வைத்திருந்த கட்டை ஒன்றையே எடுத்து அடித்தாள்.

"ஏலே, எந்தம்பி செத்த சொவரு ஒனக்கு வெளம்பரப் பலகையா?"

நான் வாயைத் திறக்கும் முன் இரண்டாவது அடி விழுந்தது. நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கீழே விழுந்தவனை ஆளாளுக்கு மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவளுடைய இளைய தம்பி செல்லத்துரை என் வலது கையை ஒரு கல்லின் மேல் இழுத்துவைத்து, முழங்கையைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டுகத்தியை ஓங்கினான்.

"ஒட்டுன கை இதுதானலே?"

கத்தி இறங்கியது. என் கைமேல் விழுந்தவை பொன்னம்மையின் இரண்டு விரல்கள். பாய்ந்து கத்தியை வெறுங்கையால் பிடித்திருக்கிறாள். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. "போதும். கத்திய கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போலே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

போலீஸ் வந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் லத்தியால் விளாசியது. விரல் எப்படிப் போனது என்று அவளைக் கேட்டார்கள்.

"தேங்கா வெட்டினேன் சாரே. கை தவறிப் போச்சு."

ஒரு போலீஸ்காரர் அவள் கன்னத்தில் அறைந்தார். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். என்னைக் கேட்டபோது, படியிலிருந்து விழுந்தேன் என்றேன். அந்தக் கொட்டகைக்குப் படியே கிடையாது.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பார்க்க வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சொவத்துல ஒட்டினா வாசிக்கப் போறது ஆம்பளையளு. அண்டி தல்ல வரப்போறது நாங்க. எங்கள்ல எத்தன பேருக்கு எழுத்து தெரியும்? மீன்காரி அந்தோணியம்மாட்ட பறயும் சாரே. அவ கூடை எறங்காத வீடு இஞ்ச கெடையாது" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்தோணியம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் கொட்டகை முற்றம் கொள்ளாமல் பெண்கள் நின்றார்கள். முன்னால் நின்றவள் பொன்னம்மை, கையில் கட்டோடு. இந்தக் கையோடு கொட்டை உடைக்க முடியுமா என்று தயங்கினேன். "பத்து வெரலும் இருக்கவ எவ்வளவு தல்லுவாளோ, நானும் தல்லுவேன். எழுதும்" என்றாள். சொன்னபடியே தல்லினாள்.

வேலையை விட்டுக் கிளம்பிய அன்று, என்னை ஏன் காப்பாற்றினாய் என்று கேட்டேன். நன்றி சொல்ல அதுதான் எனக்குத் தெரிந்த வழி.

"உம்மயா? உம்ம கை போனா எனக்கென்ன சாரே? ஒரு தம்பிய சுட்டுக் கொன்னுட்டானுவ. இவனயும் செயிலுக்கு அனுப்பிட்டு நான் ஆரு மொகத்த பாத்து இருப்பேன்?"

அதுவரை அவள் என்மேல் இரங்கினாள் என்றே நம்பியிருந்தேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதை எழுதுகிற வலது கை. எனக்காக மிஞ்சியதல்ல என்று தெரிந்துதான் வைத்திருக்கிறேன்.