வயர்மேன் வீட்டு விளக்கு

கணபதி ஏரியாவில் யார் வீட்டில் ஃபேன் நின்றாலும், "மருதாசலத்தைக் கூப்பிடுங்க" என்பார்கள். அப்பேர்ப்பட்ட வயர்மேன் வீடே பற்றி எரிந்தால் தெரு சும்மா இருக்குமா? தீயணைப்பு வண்டி கிளம்பும் முன்பே கேட்டுவிட்டார்கள். "ஏனுங்க, உங்க ஊட்டுலயே கரண்டு கோளாறுங்களா?"

மருதாசலத்துக்குச் சுருக்கென்றது. காரணம் அவனுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜைச் சாமி அலமாரிப் பக்கம் நகர்த்தியபோது வயர் எட்டவில்லை. ஒரு துண்டு வயரை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, அப்புறம் ஒழுங்காகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். ஊரார் வீட்டில் இப்படி ஒரு ஜாயின்ட்டைப் பார்த்தால் கத்தித் தீர்த்துவிடுவான். தன் வீடென்றால் எல்லாம் அப்புறம்தான். அந்தச் சோம்பேறித்தனத்தை என்னவென்று சொல்ல! ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சாமி வெளக்குங்க. செவ்வந்தி பத்த வெச்சு அப்படியே விட்டுப்போட்டுக் கடைக்குப் போயிட்டா."

செவ்வந்தி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அவன் அக்கா மாசாணியம்மாள் விடுவாளா? அவள் வீட்டில்தான் இருவரும் ஒண்டியிருந்தார்கள். "வெளக்கு மேல ஒரு கண்ணு வேண்டாமா பொம்பளைக்கு?" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டினாள். செவ்வந்தி தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.  மருதாசலம் உண்மையைச் சொன்னானா? இல்லை.

வீட்டுக் கடன் கொடுத்த பேங்கில் அப்போதே இன்சூரன்ஸுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கூட்டிப் பெருக்கக் கூடாது என்றார்கள். அந்தச் சர்வேயர், சேதத்தை மதிப்புப் போடுகிற கிருபாசங்கர், வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார்.

"இது கட்டடத்துக்கு மட்டும் போட்ட பாலிசிங்க. தேய்மானம் கழிச்சு வரும். ஃப்ரிட்ஜு, துணிமணிக்கெல்லாம் வராதுங்க."

பிறகு அலமாரி இருந்த மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கருகின வயரை இழுத்தார். நுனியில் செம்பு உருகிக் குண்டுமணியாட்டம் நின்றது.

"இங்கதானுங்க ஆரம்பிச்சிருக்குது. வெளக்கு இல்லீங்க. இந்த ஜாயின்ட் ஆரு போட்டது?"

மருதாசலம் மனசுக்குள் கணக்குப் போட்டான். வயர்மேனே போட்டது என்றால் பணமும் போச்சு, பிழைப்பும் போச்சு.

"நாந்தானுங்க," என்றாள் செவ்வந்தி. "வயர் எட்டல. அவருக்குத் தெரியாம நானே சுத்திப்போட்டேன்."

"ஆரு போட்டிருந்தாலும் பணம் வருமுங்க. கவனக்குறைவுக்குஞ் சேத்துத்தான் இன்சூரன்ஸ். வேணும்னே கொளுத்தினாத்தான் வராது. ஆனா மாத்திச் சொன்னா அதுக்கே நிறுத்திப்போடுவாங்க. நடந்தத நடந்தபடி சொல்லுங்க," என்றார் கிருபாசங்கர்.

மருதாசலம் முன்னால் வந்தான். "நான் போட்டதுங்க," என்றான்.

"சரிங்க," என்று கிருபாசங்கர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தா இவளைத் தெருவில் நிறுத்தினோம் என்று அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அவர் போனதும் மாசாணியம்மாள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே பல்பு வைத்த கரண்டு விளக்கு. அவள் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இனி நெருப்பே வேண்டாஞ்சாமி. இதையே போட்டுக்குங்க. கனெக்‌ஷன நீயே குடு தம்பி. உன்ற கையில போட்டாப் பயமில்ல."

செவ்வந்தி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். மருதாசலம் குறுக்கே வந்தான்.

"இந்தக் கையிதானுங்க அக்கா ஊட்டக் கொளுத்துச்சு. வயரு நான் போட்டது. அவ மேல பொய் சொல்லிப்போட்டேன்."

 செவ்வந்திக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கரிக்குள் கிடந்த குத்துவிளக்கை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.

"கடைக்குப் போயிக் கொஞ்சம் புளி வாங்கியாங்க," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் நின்ற அத்தனை பேரையும் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். மருதாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.