ஓர் ஊசி தள்ளி நின்ற பூ

காலர் பின்னும் எங்கள் யூனிட்டில் டிசைன் போடுவது என் வேலை. பின்னல் மெஷினுக்காகப் புதிதாக இறக்கிய இலவச மென்பொருள், காலரில் வரும் பூவை நடுவிலிருந்து ஓர் ஊசி தள்ளியே பின்ன வைத்தது. வெள்ளிக்கிழமை சாம்பிள் போக வேண்டும். சி மொழியில் இருந்த அதன் மூல நிரலைத் திறந்தேன். "1 << n" என்று ஊசியைத் தேர்ந்தெடுக்கும் வரி ஒன்று இருந்தது; n என்பது ஊசியின் எண். அது திங்களும் செவ்வாயும் புரியவில்லை என்று என் டைரியில் இருக்கிறது. புதனன்று கிராஃப் தாளில் ஒரு கட்டத்தைக் கருப்பாக்கி, n சொல்லும் அளவுக்கு இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். பூஜ்யம் என்றால் கட்டம் நகரவில்லை. அப்படியானால் முதல் ஊசியின் எண் பூஜ்யம். நான் ஒன்று என்று கொடுத்திருந்தேன்.

"பூஜ்யம் நம்பர் ஊசியாங்க? இருவது வருசமா ஒண்ணுல இருந்துதானுங்க எண்றோம்!" என்று நான் சொன்னதைக் கேட்டு மெஷின் ஆபரேட்டர் சிரித்தார்.

"நீங்க அப்படியே எண்ணுங்க. கம்ப்யூட்டர்ல நான் ஒண்ணு குறைச்சுக்கறேனுங்க."

வியாழன் காலை பூ நடுவில் நின்றது. ஆபரேட்டர் நம்பாமல் இருபுறமும் எண்ணிப் பார்த்தார், ஒன்றிலிருந்துதான்.