தங்கச்சி குடித்த கலர்

சாவை நான் ஒரே மடக்கில் குடித்தது பத்து வயதில், எங்கள் மாதா கோயில் திருவிழாவில். ஆரஞ்சு ருசியாக இருந்தது.

தங்கைக்கு அப்போது ஏழு வயது. பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சுச் சளி பசைபோல இறுகி, அதில் கிருமி குடியேறிவிடும். காலையில் அப்பா அவளைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் தட்டித் தட்டிச் சளியை வெளியேற்றுவார். அந்தச் சத்தம் கேட்டாலே நான் தெருவுக்கு ஓடிவிடுவேன். என் டம்ளரில் ஆணியால் சிலுவை கீறி வைத்திருந்தேன். வேறு யாரும் தொடக்கூடாது.

மதுரை ஆஸ்பத்திரியில் செம்பட்டிப் பையன் ஒருவனுக்கும் இதே வியாதி என்று தெரிந்ததும், அம்மாவுக்குச் சொந்தம் கிடைத்த சந்தோஷம். "ரெண்டுக்கும் ஒரே சீக்கு. இனிமே புதுசா என்னத்த ஒட்டப்போகுது?" என்றாளாம். டாக்டர் பதறிவிட்டார். ஒரு பிள்ளையின் நெஞ்சுக் கிருமி மற்றதற்குப் போனால் மீட்பது கஷ்டம், இரண்டும் கிட்டத்தில் வரவே கூடாது என்றார். இதை அப்பா வீட்டில் வந்து சொன்னபோது 'கிருமி' என்ற சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. டம்ளரில் இன்னொரு சிலுவை கீறினேன்.

திருவிழாவில் சப்பரம் கிளம்பும் நேரம். தங்கை கலர் சோடா பாட்டிலில் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வழக்கம்போலப் பின்வாங்கினேன். அப்போது பார்த்துக் கூட்டத்திலிருந்து செம்பட்டிப் பையன் முளைத்தான்.

"ஏலே செம்பட்டி, இந்தா, கலர் குடிக்கிறியா?" என்று தங்கை பாட்டிலை அவன் பக்கம் நீட்டினாள்.

யோசித்திருந்தால் நிச்சயம் ஓடியிருப்பேன். யோசிக்காமல் நடுவில் பாய்ந்து, பாட்டிலைப் பிடுங்கி, அடிவரை குடித்துவிட்டேன். "அங்கிட்டுப் போலே!" என்று நான் கத்திய கத்தலில் அவன் மிரண்டு ஓடிவிட்டான். உள்ளே போனது என்னவென்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அம்மாவின் காலடியில் விழுந்தேன். "யம்மா, பங்குச்சாமியக் கூப்பிடு. சாகப்போறவங்களுக்குக் குடுக்குற அவஸ்தப்பூசுதல் குடுக்கச் சொல்லு. நான் போறேன்!"

"செத்த நேரம் சும்மா கெடலே. நல்ல நெஞ்சுக்காரங்கள இந்தக் கிருமி ஒண்ணுஞ் செய்யாதுன்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாரு. அந்தப் பயலுக்குத்தான் ஆகாது. அவனக் காப்பாத்திட்டு இங்க வந்து ஒப்பாரி வைக்கிறியே!"

சப்பரத்துக்குப் போட்ட வேட்டுகளையெல்லாம் எனக்குப் போட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்று தங்கை கன்னிவாடியில் கணக்கு டீச்சர். அவன் செம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறான். இருவரும் இதுவரை கை குலுக்கியதில்லை. போனிலேயே சண்டை, போனிலேயே இருமல், போனிலேயே சிரிப்பு.

அன்று காலிப் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சப்பரத்துக்கு முன்னால் அவள் ஊர்முழுக்கச் சொல்லிப் போனாள்: "எங்கண்ணே என் கலரக் குடிச்சிருச்சு! எச்சிக் கலரு!"

கோள் சொல்கிறாள் என்று நினைத்தேன். கோள் சொல்கிறவள் முகம் ஏன் அப்படி ஜொலித்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.