கால் டேங்க் பெட்ரோலில் மலையேறியது

1. என் அப்பாவின், அதாவது நைனாவின், வாடகைக் காரில், இஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து தெளிக்கவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போனது. சென்னையிலிருந்து வாங்கிவந்த பழைய வண்டி. அதற்கு ஏற்ற பெட்டி சித்தூரில் யாரிடமும் இல்லை.
2. குவைத்துக்கு டிரைவர்களை அனுப்பும் ஏஜென்ட் நைனாவின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.
3. அதே இஞ்சின், கம்ப்யூட்டர் இல்லாமலே பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டரோடும் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உடைக்கப் போட்டிருந்த ஒரு வண்டியிலிருந்து கார்புரேட்டரையும், இஞ்சினே இயக்கும் பெட்ரோல் பம்பையும் எடுத்து மாட்டினேன்.
4. டேங்குக்குள் இருந்த மின்சாரப் பம்புக்கு இனி வேலையில்லை. அதைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைத் தொங்கவிட்டேன்.
5. வண்டி ஓடியது.
6. மூன்றாவது வாரம், திருமலைப் பாதையில் பயணிகளோடு நின்றது.

ஐந்தாவதை நம்பி நைனா ஏஜென்டிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருந்தார். ஆறாவது நடந்த மறுநாள், எப்போது கிளம்ப வேண்டும் என்று அவரே போய்க் கேட்டுவிட்டு வந்தார். போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது. வண்டி மலையேறினால் போக வேண்டியதில்லை. எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். வேலை செய்ய இடம் கொடுத்த ஷெட்டின் மெக்கானிக்குக்குக் கிண்டல் செய்ய அது போதும்.

"இன்னாம்மா இஞ்சினீரு, மொட்ட போடப் போனவங்க முடியோட வண்டி தள்ளுனாங்களாமே?"

"ஆமாண்ணா. நல்லாத் தள்ளுனாங்க."

"நான் அன்னிக்கே சொன்னேன். டேங்குல கைய வெக்காதன்னு. உங்க நைனாவ நிம்மதியா அனுப்பி வுடு."

"டேங்க இறக்கணும். ஜாக்கி குடுங்க."

என் தவறு டேங்குக்குள் கிடந்தது. நான் வாங்கிய குழாய் உள்ளே பெட்ரோல் ஓடுவதற்கானது, வெளியேயும் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கானது அல்ல. மூன்று வாரத்தில் ஊறித் தடித்து, நுனி மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. டேங்க் நிறைந்திருந்தால் அதனால் ஒன்றுமில்லை. நான் சோதித்தது நிறைந்த டேங்கில்தான். அதுதான் இரண்டாவது தவறு, முதலாவதைவிட வெட்கக்கேடானது. ஏனென்றால் நான் இந்த ஊர்க்காரி. எல்லைக்கு அந்தப்பக்கம் காட்பாடியில் பெட்ரோல் மலிவு என்று சித்தூர் வாடகை வண்டிக்காரர்கள் யாரும் இங்கே டேங்கை நிரப்புவதில்லை. காட்பாடி சவாரி கிடைக்கும்வரை பெட்ரோல் முள் கீழேயே கிடக்கும். நைனாவும் அப்படித்தான். ஏற்றத்தில் அந்தக் கொஞ்சம் பெட்ரோலும் டேங்கின் பின்பக்கம் ஒதுங்க, சுருண்ட குழாய் காற்றைக் குடித்திருக்கிறது.

டேங்கின் அடியில், பழைய பம்பு உட்கார்ந்திருந்த இடத்தில், ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதில் கொஞ்சம் பெட்ரோல் தங்கும். முதல் தடவை அதைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். இப்போது பழைய பம்பு தொங்கிய மூடியை மட்டும் வெளியே எடுத்து, அதில் இரும்புக் குழாயைப் பற்றவைக்கச் சொல்லி வெல்டரிடம் கொடுத்தேன். குழாயின் நுனி கிண்ணத்துக்குள் இறங்கியது. அடித்தகட்டில் ஒட்டி அடைத்துக்கொள்ளாதபடி நுனியைச் சாய்வாக வெட்டி, ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் நுழையும் இடைவெளி விட்டு, வலை வடிகட்டி மாட்டினேன். மிஞ்சிய பெட்ரோல் திரும்பிவரும் குழாயையும் அதே கிண்ணத்தில் விட்டேன்.

டேங்கைத் திரும்ப மாட்டியதும், ஷெட் வாசலிலேயே நைனா பெட்ரோல் பங்க்கை நோக்கி வண்டியைத் திருப்பினார்.

"போடாத நைனா. கால் டேங்கு கீது. அப்படியே மலைக்குப் போ."

"மறுபடியும் நின்னா?"

"நின்னா நானே உன் குவைத்து பெட்டிய அடுக்கித் தரேன்."

மெக்கானிக் சிரித்தார். பின்கதவைத் திறந்துவிட்டு, "நீங்களும் ஏறுங்கண்ணா. தள்ள ஆள் வேணும்" என்றேன். ஏறிவிட்டார்.

மலையடிவாரத்தில் அலிபிரி சோதனைச்சாவடியைத் தாண்டினோம். முன்பு நின்ற வளைவு வந்தபோது நைனா கியரைக் குறைத்தார். நான் முள்ளைப் பார்க்கவில்லை, இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டேன். அது மாறவில்லை. அடுத்த வளைவிலும் மாறவில்லை.

மேலே போய் வண்டியை விட்டு இறங்கியதும் மெக்கானிக் சொன்னார்: "எறங்கும்போது பாக்கலாம்."

"பாருங்க. அதுக்குந்தான் கூட்டியாந்தேன்."

இறங்கும்போதும் நிற்கவில்லை.

இன்றைய நிலை இது. வண்டி வாரத்தில் நான்கு நாள் மலைக்குப் போகிறது, பெரும்பாலும் கால் டேங்கில். பாஸ்போர்ட்டை நைனா திரும்ப வாங்கிவிட்டார். அந்த வேலையைத் தானே செய்ததாக மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார். செய்தது நான். அளவுகள் என் நோட்டில் இருக்கின்றன.